கேடசில் ஜீன் டெஸ்ட்: அண்ணனுக்கு எடுத்தது சரி, எனக்கு விற்கப் பார்த்ததுதான் சரியில்லை

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் வந்தவர்கள் இதோடு போய்விடலாம். கேடசில் என்பது நாட்ச்-3 என்ற ஜீனில் வரும் பிழையால் மூளையின் சின்ன ரத்தக்குழாய்களைக் கெடுத்து, பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும் பரம்பரை நோய். ஏற்கெனவே பக்கவாதம் வந்து, எம்.ஆர்.ஐ.யிலும் சந்தேகம் விழுந்துவிட்ட ஆளுக்கு நாட்ச்-3 ஜீன் டெஸ்ட் கொடுக்கிற காசுக்குத் தகும். ஒரு குறையும் இல்லாமல் நடமாடுகிற கூடப்பிறந்தவர்களுக்கு அதே டெஸ்டை 'ஃபேமிலி பேக்கேஜ்' என்று போன் போட்டு விற்பது அநியாயம். லேபின் பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு முழுக்க அந்தப் பெயரைச் சுற்றியே போகும், டெஸ்டைப் பற்றி ஒருத்தரும் பேச மாட்டார்கள். நான் திண்டுக்கல்லில் டூவீலர் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறேன். தேவையில்லாத பார்ட்டை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அண்ணன் அரசு பஸ் கண்டக்டர். வயது 46. வத்தலக்குண்டு ரூட்டில் பல வருஷம் ஓடியவர். நாலு டிக்கெட், அதில் ரெண்டு அரை டிக்கெட், கையில் ஐநூறு ரூபாய் நோட்டு என்றால் பேச்சை நிறுத்தாமலே மீதியை எண்ணிக் கொடுத்துவிடுவார். போன வருஷம் அந்தக் கணக்கில்தான் முதலில் இடறியது. கணக்குத் தப்பாகவில்லை, நேரம்தான் ஆனது. நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். செம்பட்டி தாண்டியும் ஒருத்தருக்குச் சில்லறை பாக்கி இருக்கும். பயணிகள் சத்தம் போட்டால் சரியான தொகையைத்தான் கொடுப்பார். டிரைவர் எங்களிடம் வந்து, "உங்க அண்ணனுக்கு வீட்டுல ஏதும் பிரச்னையா?" என்று கேட்டார். வீட்டில் வேறு மாதிரி இருந்தது. கிரிக்கெட் பார்ப்பதை விட்டார், சம்பளத் தேதியைக்கூடக் கேட்பதில்லை. "சோறு வச்சா சாப்பிடுறாரு, வைக்கலைன்னா கேக்குறதில்ல தம்பி" என்று மதினி சொன்னது. நாங்கள் மனசு சரியில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம். அழுகை கிடையாது, வருத்தம் கிடையாது, எதிலும் பிடிப்பில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். இதற்கு டாக்டர்கள் அபதி என்கிறார்கள். மனச்சோர்வு வேறு, இது வேறு. கேடசில் உள்ளவர்களில் நிறையப் பேருக்கு இது வரும். சோம்பேறி என்றோ திமிர் என்றோ வீட்டில் பெயர் வாங்குவதும் உண்டு.

பிறகு ஒருநாள் காலையில் வலது கை பிடிப்பு விட்டுப்போய், நாக்கும் குழறியது. ஆஸ்பத்திரியில் பிரஷர் பெரிசாக இல்லை, சர்க்கரை இல்லை, சிகரெட் மட்டும் உண்டு. முதலில் பார்த்தவர் சிகரெட்டைக் காரணம் சொன்னார். அடுத்தவர் தொடை வழியாகக் குழாய் விட்டு மூளைக்கு ஆஞ்சியோ பண்ணிப் பார்க்கலாம் என்று தேதியே குறித்துவிட்டார். அதற்குள் மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டினோம். அவர் எம்.ஆர்.ஐ. ஃபிலிமை லைட்டில் மாட்டிவிட்டு அண்ணனைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, "உங்கப்பாவுக்கு என்ன வயசுல வாதம் வந்துச்சு?" என்று கேட்டார். நாங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

ஃபிலிமில் அவர் காட்டியது இது. மூளையின் உள்பக்க வெண்பொருள் முழுக்கத் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. பிரஷர்காரர்களுக்கும் வயசானவர்களுக்கும் இந்த மாதிரி வருவதுண்டு. ஆனால் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, டெம்போரல் மடலின் முன்முனையில், இரண்டு பக்கமும் பஞ்சு வைத்தது போல வெள்ளை. சாதாரண பிரஷர் நோய் பெரும்பாலும் அந்த இடத்தைத் தொடாது. அங்கேயும் எக்ஸ்டெர்னல் கேப்ஸ்யூல் என்ற பட்டையிலும் ஒருசேர வெளுத்திருந்தால் கேடசிலை நினைக்க வேண்டும் என்றார். நடுவில் கடுகளவு கறுப்புக் குழிகள் சில இருந்தன. அண்ணனுக்குத் தெரியாமலே முன்னால் வந்துபோன சின்னச் சின்ன அடைப்புகள் விட்டுச்சென்ற பள்ளங்கள் அவை.

அப்பா கதையைச் சொன்னோம். ஐம்பதைத் தாண்டியதும் வாய் கோணியது. சரியானது, மறுபடி வந்தது. அப்புறம் எட்டு வைத்தால் அரை அடிதான் நகரும். டி.வி.யில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுவார், துஷ்டி வீட்டில் சிரித்து எங்கள் மானத்தை வாங்கினார். ஊரில் சொன்ன காரணங்களை இங்கே எழுதினால் பக்கம் போதாது. மூளைத்தண்டை நோக்கி இறங்கும் நரம்புப் பாதைகள் இரண்டு பக்கமும் அடிபட்டால் அழுகையும் சிரிப்பும் இப்படிக் கட்டுமீறும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்காவுக்கு இருபத்தி ஐந்து வயசிலிருந்து ஒற்றைத் தலைவலி. வலி வருவதற்கு முன்னால் கண்ணில் கோலம் போட்டது போல நெளிநெளியாக வெளிச்சம் ஓடும், விரல் நுனியில் தொடங்கிய மரமரப்பு மெதுவாக ஏறி உதடு வரைக்கும் வரும். மூளையின் மேற்பரப்பில் ஒரு மின் அலை நிமிஷத்துக்கு மூன்று மில்லிமீட்டர் கணக்கில் ஊர்வதுதான் அந்த நெளிவும் மரமரப்பும். கேடசில் குடும்பங்களில் பலருக்கு முதலில் தலைகாட்டுவது இந்த ஆரா உள்ள ஒற்றைத் தலைவலிதான். பெரும்பாலும் முப்பது வயசை ஒட்டி வரும். பக்கவாதம் சராசரியாக 45-லிருந்து 50-க்குள். மறதி நோய் அதற்கும் பிறகு. எங்கள் வீட்டில் வரிசை மாறாமல் வந்திருக்கிறது.

டெஸ்டுக்கு வருவோம். ரத்தம் எடுக்க வீட்டுக்கே வந்தார்கள். ஊதா மூடி ட்யூபில் கொஞ்சம் ரத்தம், ஒரு கையெழுத்து, முடிந்தது. அந்தக் கையெழுத்துப் போட்ட தாள் முழுக்க இங்கிலீஷ், படித்துக் காட்ட ஆள் இல்லை. கட்டணம் இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. சொன்ன கெடுவுக்குள் ரிப்போர்ட் மெயிலில் வந்தது. இந்த அளவில் ஒரு குறையும் இல்லை.

ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே ஒரு வரி விஷயம்: நாட்ச்-3 ஜீனில், 141-ஆம் இடத்தில் ஆர்ஜினைன் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டைன். இரண்டும் புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்கள். இதை ஏன் நோய் என்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நாட்ச்-3 என்பது ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தசை செல்களின் மேல் உட்கார்ந்திருக்கும் புரதம். அதன் வெளிப்பகுதியில் ஒரே மாதிரியான 34 துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் ஆறு சிஸ்டைன், மூன்று ஜோடியாகப் பிணைந்து அந்தத் துண்டை மடக்கி வைத்திருக்கும். கேடசில் வருகிற குடும்பங்களில் ஏறக்குறைய எல்லாருக்குமே தப்பு ஒரே ரகம்தான். ஒரு சிஸ்டைன் கூடும், இல்லை குறையும். ஆறு என்பது ஏழாகவோ ஐந்தாகவோ ஆகிவிட, ஒன்று ஜோடி இல்லாமல் நிற்கும். துணை கிடைக்காத அது கண்டதோடு ஒட்டிக்கொள்ள, புரதத்தின் வெளிப்பகுதி கழிந்து போகாமல் குழாய்ச் சுவரிலேயே சேர்ந்துகொண்டே வரும். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கருமணிகளாகத் தெரியும். தோலில் ஒரு துணுக்கு எடுத்தாலே பார்த்துவிடலாம், காரணம் உடம்பு முழுக்க இந்தக் குழாய்கள் இப்படித்தான் இருக்கின்றன. அடி விழுவது மட்டும் பிரதானமாக மூளையில்.

வருஷக்கணக்கில் தசை செல்கள் செத்து, அந்த இடத்தில் நார் வளர்ந்து சுவர் தடிக்கும். என் கடைக்கு வருகிற பழைய டி.வி.எஸ். ஃபிஃப்டியின் பெட்ரோல் ட்யூப் அப்படித்தான் இருக்கும். வெளியே பார்க்க முழுசாக இருக்கும், வளைத்தால் விறைத்து நிற்கும், உள் துவாரம் ஊசி அளவுதான். மூளையில் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே போகும் குழாய் உடனே விரிந்து ரத்தம் கூட்ட வேண்டும். விறைத்த குழாய் விரியாது. வெண்பொருளுக்கு ஆழத்தில் இறங்கும் குழாய்களுக்கு மாற்றுப் பாதையும் கிடையாது. அங்கே ஓடுவது நெற்றிப்பக்க மூளையை மற்ற பகுதிகளோடு கோர்க்கும் நரம்பு நார்கள். அது நைந்தால் ஞாபகத்துக்கு முன்னால் வேகம் போகும். அண்ணனின் சில்லறைக் கணக்கு நின்றது அங்கேதான்.

உளவியல் பரிசோதனை செய்த பெண்மணி இதைக் கண்ணெதிரே காட்டினார். தாளில் சிதறிக் கிடக்கும் எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்க வேண்டும். ஒன்று, அ, இரண்டு, ஆ என்று. அண்ணன் மூன்றுக்கு வந்ததும் பென்சிலைத் தூக்கிப்பிடித்து உறைந்துவிட்டார். அடுத்து, சொல்லிக் கொடுத்த வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நாலைந்தோடு நின்றுவிட்டது. "ஒரு காய்கறி இருந்துச்சே சார்?" என்று குறிப்புக் கொடுத்ததும் "முருங்கைக்காய்" என்று பட்டென்று வந்தது. உள்ளே இருக்கிறது, எடுத்துத் தருகிற ஆள்தான் சுணங்குகிறான். அல்சைமரில் இந்தக் குறிப்பு பெரும்பாலும் உதவாது.

இவ்வளவும் ரிப்போர்ட் அனுப்பிய லேப் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் பரம்பரை நோய்களைப் பற்றி ஆலோசனை சொல்லும் ஜெனடிக் கவுன்சலர் ஒருவர் இருந்தார், அவர் சொன்னார். முக்கியமான ஒன்று ரிப்போர்ட்டில் இல்லவே இல்லை. அந்த 34 துண்டில் முதல் ஆறுக்குள் பிழை இருந்தால் நோய் சீக்கிரம் வருகிறது, ஏழிலிருந்து 34-க்குள் இருந்தால் தாமதமாகவும் லேசாகவும் வருகிறது என்று 2019-ல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். பக்கவாத வயசில் சுமார் 12 வருஷ வித்தியாசம். பின்பகுதியில் பிழை இருந்தும் வயசான காலம் வரை ஒன்றும் தெரியாமல் இருப்பவர்கள் உலகத்தில் நாம் நினைப்பதைவிட அதிகம். அண்ணனுடையது மூன்றாவது துண்டு. இருபதாயிரம் வாங்குகிறவர்கள் இந்த ஒரு வரியைச் சேர்த்திருக்கலாம். அதிலும் ஒரே குடும்பத்தில் ஒரே பிழை உள்ள இரண்டு பேர் ஒரே மாதிரி போவதில்லை என்பதையும் கவுன்சலரே சொன்னார்.

"மருந்தே இல்லாத நோய்க்கு எதுக்குப்பா டெஸ்ட்டு?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். நாட்ச்-3-ஐ சரிசெய்யும் மருந்து இல்லை. அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெப்பெசிலை 168 கேடசில் நோயாளிகளிடம் பரிசோதித்து 2008-ல் வெளியிட்டார்கள், எதிர்பார்த்த பலன் வரவில்லை. ஆனால் எங்களுக்கு டெஸ்ட் செய்துகொடுத்தது கொஞ்சநஞ்சம் இல்லை. குறித்து வைத்திருந்த ஆஞ்சியோ நின்றது. கேடசில் உள்ளவர்களுக்குக் குழாய் விட்டு மூளை ஆஞ்சியோ செய்தால் நரம்பியல் சிக்கல் வருகிற ஆபத்து கூடுதல் என்று 1990-களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சிகரெட்டை விடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்த மதினிக்குப் பலம் வந்தது, புகைக்கிறவர்களுக்குப் பக்கவாதம் முந்தி வரும் என்று டாக்டரே முகத்துக்கு நேரே சொல்ல, அண்ணன் விட்டார். பிரஷரைக் கட்டுக்குள் வைப்பது கையில் இருக்கிற இன்னொரு பிடி என்பது புரிந்து, வீட்டில் மெஷின் வாங்கி வைத்து மதினி நோட்டில் எழுதுகிறது. வேலை விஷயத்தில் கிடைத்தது இன்னும் பெரிசு. 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 20-ஆம் பிரிவின்படி, பணியில் இருக்கும்போது ஊனம் வந்த அரசு ஊழியரை வேலையை விட்டு அனுப்ப முடியாது, அந்த வேலைக்கு ஆகாது என்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். 'சோம்பேறி கண்டக்டர்' என்று மெமோ வாங்கவிருந்த மனிதர் டாக்டர் சர்டிஃபிகேட்டோடு டிப்போ ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு சின்ன விலகல். இந்த நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தே ரொம்ப நாள் ஆகவில்லை. பாரிஸில் மாரி-ஜெர்மேன் பூசே என்ற நரம்பியல் டாக்டர் 1976-ல் பிரஷர் இல்லாமல் பக்கவாதம் வந்த ஒரு நோயாளியைப் பார்க்கிறார். பிறகு அந்த நோயாளியின் பிள்ளைகளையும் பார்க்கிறார். 1993-ல் பிழை 19-ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று எலிசபெத் தூர்னியே-லாசெர்வ் குழுவோடு சேர்ந்து காட்டினார்கள். 1996-ல் அது நாட்ச்-3 என்று ஆன் ஜுத்தெல் முதலானவர்கள் கண்டுபிடித்தார்கள். அப்பாவுக்கு முதல் வாதம் வந்தபோது உலகத்தில் இந்த டெஸ்டே இல்லை. அந்தக் காலத்து டாக்டர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். ரிப்போர்ட் வந்த வாரமே லேபிலிருந்து ஒரு பையன் போன் போட்டான். "சார், உங்க பிரதருக்கு பாசிட்டிவ். உங்களுக்கும் சிஸ்டருக்கும் ஃபிஃப்டி பர்சன்ட் சான்ஸ் இருக்கு. மூணு பேர் சேர்த்து எடுத்தா முப்பது பர்சன்ட் தள்ளுபடி, இந்த மாசம் வரைக்கும்தான்." மூணாவது ஆள் யார் என்றேன். "பிரதரோட பொண்ணு சார்." அவளுக்கு வயசு பதினைந்து. பத்தாவது பரீட்சை எழுதப் போகிறவள்.

ஃபிஃப்டி பர்சன்ட் என்பது உண்மை. ஒரு பெற்றோரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. மற்றதெல்லாம் வியாபாரம். ஒன்று, பெரியவர்கள் ஆனபின் வருகிற, வருமுன் தடுக்க மருந்தில்லாத நோய்க்குச் சின்னப் பிள்ளைகளை டெஸ்ட் செய்யக் கூடாது என்பது ஜெனடிக்ஸ் படித்தவர்கள் உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதி. அவள் வளர்ந்து அவளே முடிவு செய்ய வேண்டியது. இரண்டு, குறை இல்லாத பெரியவர்களுக்கும் முதலில் உட்கார வைத்துப் பேசி, யோசிக்க அவகாசம் கொடுத்து, அப்புறம்தான் ரத்தம் எடுக்க வேண்டும். ஹன்டிங்டன் என்ற இன்னொரு பரம்பரை மூளை நோய்க்கு ஏற்பட்ட அந்த முறையைத்தான் இதற்கும் பின்பற்றுகிறார்கள். தள்ளுபடிக்குக் கடைசித் தேதி வைத்து விற்க இது ஆடி சேல் இல்லை. மூன்றாவதுதான் என் வியாபாரப் புத்திக்கு எரிச்சலாக இருந்தது. குடும்பத்தில் ஒருத்தருக்குப் பிழை எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு முழு ஜீனையும் வாசிக்க வேண்டியதே இல்லை. அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். அதற்கு ஆகும் செலவு ரொம்பக் குறைவு. முப்பது பர்சன்ட் தள்ளுபடி போக அவன் கேட்ட தொகை அதைப்போலச் சில மடங்கு. இதைக் கேட்டதும், "அப்படியும் பண்ணலாம் சார்" என்றான். கேட்டால்தான் சொல்வானாம்.

நான் கவுன்சலரிடம் போனேன். வயசு 42, இதுவரை தலைவலிகூடக் கிடையாது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "இருக்குன்னு தெரிஞ்சா நாளைக்குக் காலையில என்ன மாத்துவீங்க?" யோசித்துப் பார்த்தேன். சிகரெட் கிடையாது. பிரஷர் பார்க்கிறேன். பிள்ளை பெறும் திட்டம் முடிந்துவிட்டது. மாற்ற ஒன்றும் இல்லை, தூக்கம்தான் போகும். அப்போதைக்கு வேண்டாம் என்று வந்துவிட்டேன். அவர் இன்னொன்றும் சொன்னார், இது எல்லாருக்கும் தெரிய வேண்டியது. இந்தப் பிழை உள்ளவர்களுக்கு முப்பத்தைந்து வயசுக்குள் எம்.ஆர்.ஐ.யில் வெளுப்பு ஏறக்குறைய நிச்சயம் தெரிந்துவிடும். அதனால் 'சும்மா ஒரு ஸ்கேன்' என்று எடுப்பதே கிட்டத்தட்ட ஜீன் டெஸ்ட் எடுப்பது போல. முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் மூளை எம்.ஆர்.ஐ. இலவசம் என்று வருகிற விளம்பரங்களை இப்போது தள்ளிவிட்டுப் போகிறேன்.

என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்வது: நேராக லேபுக்குப் போகாதீர்கள். வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் மாதிரி ஜெனடிக்ஸ் கிளினிக் உள்ள இடம் வழியாகப் போனால் பேசவும் ஆள் இருக்கும். போகும்போது வீட்டில் யாருக்கு என்ன வயசில் என்ன வந்தது என்று மூன்று தலைமுறைக்கு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், எம்.ஆர்.ஐ. ஃபிலிமையும் சி.டி.யையும் விடாதீர்கள். சிஸ்டைனை மாற்றாத பிழை வந்தால் 'அர்த்தம் நிச்சயமில்லை' என்றுதான் ரிப்போர்ட் வரும், அதைப் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொண்டு அழ வேண்டாம்.

ஸ்டார் போடச் சொல்லி லேபிலிருந்து மெசேஜ் மேல் மெசேஜ். டெஸ்டுக்கு நாலு. ரிப்போர்ட்டுக்கு மூணு. அந்தப் போன் காலுக்கு ஒன்று, அதுவும் சைபர் போட வழி இல்லாததால். அக்கா மட்டும் அந்த ஒற்றை இடத்து டெஸ்டைக் கிளினிக் வழியாக எடுத்துக்கொண்டாள். ஒற்றைத் தலைவலிக்கு எழுதித் தரும் டிரிப்டான் வகை மாத்திரை ரத்தக்குழாயைச் சுருக்கும் என்பதால் அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் இருந்தது. ரிசல்ட் வந்துவிட்டது. அதை இங்கே எழுத மாட்டேன், அது அவள் சமாச்சாரம்.